பெட்ரோல் வாசனை

செட்டிநாட்டில் ஒரு வீட்டின் வயதை அறிய வேண்டுமானால் முகப்பைப் பார்க்கலாம். பர்மாத் தேக்குத் தூண்களைத் தட்டிப் பார்க்கலாம். ஆத்தங்குடிக் கல்லின் நிறம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குனிந்தும் பார்க்கலாம். ஆனால் வீட்டாரின் மனப்போக்கை அறிய வேண்டுமானால், பின்கட்டுப் பக்கம் போய்க் கார்க் கொட்டகையை எட்டிப் பார்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். முன்னால் ஒரு புது வண்டி பளபளவென்று நிற்கும். அதன் பின்னால், பழைய வேஷ்டியால் போர்த்தப்பட்டு, ஒரு கிழ வண்டியும் நிற்கும். முன்னது பிரயாணம் செய்வதற்கு. பின்னது விற்க மனம் வராமல் வைத்திருப்பதற்கு.

காரைக்குடியில் நமது வீட்டுக் கொட்டகையில் அவ்விதம் நிற்பது 1972-ஆம் வருஷத்து அம்பாஸிடர். 'மார்க் 2' என்ற வகை. ஐயா வாங்கியது. ஐயா காலமாகி வெகு காலம் ஆகிவிட்டது. வண்டி மட்டும் இன்னும் காலமாகவில்லை.

அம்பாஸிடரின் பூர்வோத்தரத்தை நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். இங்கிலாந்தில் 'மாரிஸ் ஆக்ஸ்போர்டு' என்ற பெயருடன் பிறந்த உருவம் அது. பிர்லாக்கள் 1942-இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி, 1948-இல் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவுக்கு இடம் மாறியது. அங்கேதான் 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரையில் இந்த வண்டி தயாராயிற்று. மந்திரிகளும் வாடகைக்காரர்களும் கலியாண மாப்பிள்ளைகளும் பேதமின்றி ஏறிய வாகனம் அது ஒன்றுதான். 1489 கன சென்டிமீட்டர் கொண்ட அதன் என்ஜின், பானெட்டைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். இக்காலத்து வண்டிகளில் பானெட்டைத் திறந்தால் ஒரு கறுப்பு மூடியைத்தான் தரிசிக்கலாம்.

நிற்க. சென்ற மாசி மாதத்தில் இந்தக் கிழ வண்டியிலிருந்து பெட்ரோல் வாசனை வர ஆரம்பித்தது.

முதலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வண்டி என்றால் கொஞ்சம் வாசனை இருக்கத்தான் செய்யும் என்றார்கள். ஆனால் பங்குனி பிறந்ததும் விஷயம் வேறாயிற்று. பெரியப்பச்சியின் பேத்திக்குக் கலியாணம் நிச்சயமாகி, வைகாசியில் முகூர்த்தம் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் கலியாணத்தைச் சொந்த வீட்டிலேயே நடத்துவதுதான் வழக்கம். இரண்டாம் கட்டு வளவில் கோட்டை அடுப்பு போட்டு, விறகு எரித்து, நாலைந்து நாள் சமையல் நடக்கும். அந்த வளவுக்கும் கார்க் கொட்டகைக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு மரக்கதவு. கதவுக்கு அடியில் பூனை புகுந்து போகும் அளவுக்கு இடைவெளி உண்டு.

பெரியப்பச்சி ஒரு நாள் காலையில் கதவருகே நின்று மூக்கைச் சுளித்தார்.

"இந்தா பாரப்பா, கலியாணத்துக்கு முகூர்த்தக்கால் ஊன்றுவதற்குள் இந்த வாசனை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வண்டியை எடைக்குப் போட்டுவிடுவேன். ஐயா பேரைச் சொல்லி எனக்கு ஆசை காட்டாதே. பிள்ளைகுட்டிகள் வந்து நிறைகிற வீடு இது" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 43 டிகிரிக் குளிரில்கூடப் பற்றிக்கொள்ளத் தக்க ஆவியை அது வெளிவிடும் என்றால், நமது சித்திரை வெயிலில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகையால் மேலே எழும்பிக் கலைந்து போகாமல், பாம்பைப்போல் தரையோடு தவழ்ந்து, பள்ளம் கண்ட இடத்தில் தங்கும். நூறு பங்கு காற்றில் ஒன்றரைப் பங்குக்கும் சற்றுக் குறைவாக அது கலந்திருந்தாலே போதும், ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். கதவுக்கு அடியில் பூனை போகும் சந்தும், அந்தப் பக்கத்தில் கோட்டை அடுப்பும் இருக்கும்போது, பெரியப்பச்சியின் கவலையை வயோதிகர் கவலை என்று யார் தள்ளிவிட முடியும்?

முதலில் வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளினோம். 'கிளப்பி'க்கொண்டு வரவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். கதவுகளையெல்லாம் திறந்து காற்றோட்டம் வந்த பிறகு, நாலு பேர் சேர்ந்து தள்ளி, வேப்பமரத்து நிழலில் நிறுத்தினோம். கொட்டகையில் விளக்கு ஸ்விட்சை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவாயிற்று. ஸ்விட்சுக்குள் தோன்றும் பொறி கண்ணுக்குத் தெரியாது, ஆவிக்குத் தெரியும்.

பக்கத்துப் பட்டறை ஒன்றிலிருந்து வந்த இளைஞர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். என்ஜின் பக்கத்து ரப்பர்க் குழாய் ஒன்றை மாற்றினார். கண்ணில் பட்ட கிளிப்புகளையெல்லாம் முறுக்கினார். "இனிமேல் வாசனை வராது" என்று வாக்குக் கொடுத்தார். பணமும் வாங்கிக்கொண்டார். வாசனை இரண்டு நாள் மரியாதைக்கு ஒதுங்கியிருந்துவிட்டு, மூன்றாம் நாள் திரும்பி வந்தது.

அப்புறந்தான் ராவுத்தருக்கு ஆள் அனுப்பினோம். ஐயா காலத்திலேயே இந்த வண்டிக்கு வைத்தியம் பார்த்தவர். இப்போது வயது எழுபதுக்கு மேல். பட்டறையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். வண்டியின் பெயரைச் சொன்னதும் வந்துவிட்டார். வந்தவர் முதற்காரியமாக மடியிலிருந்த பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து அப்பத்தாவிடம் ஒப்படைத்தார்.

"வேலை முடியிற வரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும் ஆச்சி. நானே கேட்டாலும் கொடுத்துடாதீங்க" என்றார்.

பிறகு பாட்டரியின் 'எர்த்' ஒயரைக் கழற்றினார். இரண்டு வாளி மணலும், புது வண்டியிலிருந்த தூள் அணைப்பானும் பக்கத்தில் வரவேண்டும் என்றார். தண்ணீர் வாளி கொண்டுவந்த பையனைத் திருப்பி அனுப்பினார். எரியும் பெட்ரோலில் தண்ணீரை ஊற்றினால் பெட்ரோல் அதன் மேல் மிதந்துகொண்டே நாலு பக்கமும் ஓடும். நெருப்பும் கூடவே ஓடும்.

"வாசனை எப்போ வருது தம்பி? வண்டி ஓடி வந்து நின்ன பொறகா, சும்மா நிக்கிறபோதா?" என்று கேட்டார்.

"இரண்டு வேளையும் வருகிறது."

"அப்படின்னா வியாதி ஒண்ணா இருக்காது, ரெண்டா இருக்கும்" என்றார் ராவுத்தர்.

வண்டியைத் தொடாமலே அவர் இதை எப்படிச் சொன்னார் என்று நமக்கு முதலில் புரியவில்லை. பெட்ரோல் போகும் பாதையை அவர் மண்ணில் கோடு போட்டுக் காட்டியதும் புரிந்தது. பின்பக்கத்தில் டிக்கிக்குக் கீழே டாங்கி. அதிலிருந்து ஒரு உலோகக் குழாய் வண்டியின் அடிவயிற்றோடு முன்பக்கம் வருகிறது. அங்கே என்ஜின் ஓடும்போது மட்டும் வேலை செய்யும் பம்பு ஒன்று அதை உறிஞ்சிக் கார்புரேட்டருக்கு அனுப்புகிறது. ஆக, பம்புக்கு அப்பால் ஓட்டை இருந்தால் வண்டி ஓடும்போதும் ஓடி நின்ற உடனேயும் ஒழுகும். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஒழுகாது. பம்புக்கு இப்பால், டாங்கிப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் நிற்கும்போதும் ஒழுகும். இரண்டு வேளையும் வாசனை வருகிறதென்றால் இரண்டு பக்கமும் தேட வேண்டியதுதான்.

இந்த ஒரு கேள்வியைக் கேட்காததனால்தான் முந்திய வைத்தியம் பலிக்கவில்லை.

தேடுவதற்கு ராவுத்தர் கையாண்ட முறை நமக்கு மிகவும் பிடித்திருந்தது. எந்த இடத்தில் சொட்டுகிறதோ அந்த இடத்தில் ஓட்டை இருக்கும் என்று நினைக்கிறவர் ஓட்டு வீட்டில் குடியிருந்து அறியாதவர். மழைக்காலத்தில் பட்டாலை நடுவில் தண்ணீர் சொட்டும். ஓடு உடைந்திருப்பதோ பத்தடிக்கு அப்பால் இருக்கும். தண்ணீர் சட்டத்தோடு ஓடி வந்து, தனக்குச் சௌகரியமான இடத்தில் கீழே விழுகிறது. பெட்ரோலும் குழாயோடு அப்படியே ஓடி வரும். பெட்ரோலில் இன்னொரு தொல்லையும் உண்டு. நாம் குனிந்து பார்ப்பதற்குள் ஆவியாகிப் போய், ஒரு பழுப்புக் கறையை மட்டும் விட்டுவைக்கும்.

ஆகையால் குழாய்கள், திருகுகள், இணைப்புகள் எல்லாவற்றையும் முதலில் துடைத்துக் காய வைத்தார். பிறகு, "ஆச்சி, கொஞ்சம் கோலமாவு வேணுமே!" என்றார். அப்பத்தா சந்தேகத்துடன் கொண்டுவந்து கொடுத்தார். கல்மாவைத் தண்ணீரில் குழைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிசாகப் பூசி உலரவிட்டார். வண்டியின் கீழே வெள்ளை வேஷ்டியை நீளமாக விரித்தார். பாட்டரி ஒயரை மாட்டி, என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். வெள்ளைப் பூச்சில் ஈரம் எங்கே முதலில் தோன்றுகிறதோ அதுதான் குற்றவாளியின் வீடு.

தோன்றிய இடம் கார்புரேட்டரின் பக்கத்திலுள்ள மிதவைக் கிண்ணம். அதற்குள் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் உயர்ந்தால் மிதவையும் உயர்ந்து, ஒரு சின்ன ஊசியைத் தள்ளி, வரும் வழியை அடைக்கும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து போட்ட குழாய் இருக்கிறதே, அதே தத்துவந்தான். அந்த ஊசியின் முனை வருஷக் கணக்கில் தேய்ந்து, ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஆகவே வழி முழுவதும் அடைபடாமல் கிண்ணம் நிரம்பி வழிந்தது.

"எங்கே விழுது பார்த்தீங்களா?" என்று ராவுத்தர் விரலை நீட்டினார்.

பார்த்தோம். இந்த என்ஜினில் கார்புரேட்டரும் புகை போகும் சூடான குழாயும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. மேலே கார்புரேட்டர்; கீழே கொதிக்கும் இரும்பு. அதன் பக்கமாகத்தான் அந்தச் சொட்டுகள் இத்தனை நாளாக விழுந்துகொண்டிருந்தன. இந்த வண்டியில்தான் மாசி மாதத்தில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குப் போய் வந்திருந்தோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஊசியும் அது உட்காரும் இடமும் சேர்ந்த ஜோடியாகப் புதிது வாங்கிப் போட்டார். பம்பைப் பரிசோதிப்பதற்கு அவர் செய்தது இன்னும் எளிய காரியம். என்ஜின் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி மூக்கருகே பிடித்தார். பம்பிலுள்ள சவ்வு கிழிந்திருந்தால் பெட்ரோல் எண்ணெயுடன் கலந்து கம்பியில் மணக்கும். மணக்கவில்லை. பம்பின் அடியிலிருக்கும் சிறு துவாரமும் உலர்ந்திருந்தது. "இவன் யோக்கியன்" என்று நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

முதல் வியாதி தீர்ந்தது. வண்டி ஓடி வந்து நின்றால் வாசனை இல்லை. ஆனால் இரண்டாவது வியாதி ராவுத்தரையே திணற அடித்தது. டாங்கியிலும் அடிக்குழாயிலும் கோலமாவு பூசி மூன்று நாள் காத்திருந்தோம். பூச்சு பூசியபடியே இருந்தது. வாசனையும் காணோம். "சரியாகிவிட்டது" என்று நாம் சொன்னோம். "ஆகலை. எந்தக் கோளாறும் தானா சரியாகாது தம்பி" என்றார் அவர்.

முடிச்சை அவிழ்த்தவர் அப்பத்தாதான். கலியாணப் பலகாரங்களில் மாதிரிக்காகக் கொஞ்சம் சீப்புச் சீடை சுற்றி, தேவகோட்டையிலிருக்கும் உறவினர் வீட்டுக்குத் தகர டப்பாவில் அனுப்பியிருந்தார். போகிற வழியில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு போயிருந்தோம். மறுநாள் உறவினர் வீட்டு ஆச்சி, சீடையைப் பற்றி டெலிபோனில் மரியாதையாகச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதுவதற்கில்லை. அப்பத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"போன மாசமும் டிக்கியிலே வைத்துத்தான் அனுப்பினேன், அப்போது ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுத்தான் நாறியிருக்கிறது. நேற்று அந்த வண்டிக்கு என்னடா செய்தீர்கள்?" என்று கேட்டார்.

நேற்றுச் செய்தது ஒன்றே ஒன்று: டாங்கியை நிரப்பியது. நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். பெட்ரோல் போட்ட தேதிகளும் வீட்டில் வாசனை வந்த நாட்களும் ஜோடி ஜோடியாக நின்றன. டாங்கி பாதிக்கு இறங்கியதும் வாசனை நின்றிருந்தது. அப்படியானால் ஓட்டை டாங்கியின் உச்சிக்கு மேல்தான் இருக்க வேண்டும். ராவுத்தரிடம் சொன்னதும் அவர் டிக்கியின் ஓரத் தகட்டைக் கழற்றினார். பெட்ரோல் ஊற்றும் வாயும் டாங்கியும் சேரும் இடத்தில் ஒரு பருத்த ரப்பர்க் குழல் இருந்தது. மேலே பார்வைக்கு முழுசாக இருந்தது. அடிப்பக்கத்தை விரலால் தடவியபோது நகம் உள்ளே போயிற்று.

நிரப்பிய உடனே ஒழுகாமல் மத்தியான்னத்துக்கு மேல் வாசனை வந்ததற்கும் காரணம் விளங்கிற்று. பூமிக்கு அடியிலுள்ள தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல் குளிர்ந்திருக்கும். அதைக் கழுத்து மட்டும் நிரப்பி வெயிலில் நிறுத்தினால் சூட்டில் விரியும். 50 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய முக்கால் லிட்டர் பெருகும். பெருகியது எங்கே போகும்? கழுத்தில் ஏறி, கிழிந்த குழலில் கசிந்து, டிக்கிக்குள் ஆவியாக நிறைந்து, சீப்புச் சீடையில் குடியேறும்.

புதுக் குழல் போடும்போது ராவுத்தர் மிகவும் கண்டிப்பாக இருந்தார். தண்ணீர்க் குழாய் ரப்பர் உதவாது. பெட்ரோலுக்கென்றே செய்தது வேண்டும் என்றார். இப்போது அதிலும் ஒரு விசேஷம் சேர்ந்திருக்கிறது. கரும்பு, அரிசி, மக்காச்சோளம் முதலியவற்றிலிருந்து வடிக்கும் எத்தனால் என்ற சாராயத்தைப் பெட்ரோலில் கலந்து வருகிறார்கள். 2022-இல் நூற்றுக்குப் பத்தாக இருந்த கலப்பு, 2025-இல் இருபதாயிற்று. அந்நிய நாட்டு எண்ணெய்க்குப் போகும் பணம் ஓரளவு நமது விவசாயியிடம் தங்குகிறது என்பது நல்ல விஷயந்தான். ஆனால் 1972-இல் இந்த வண்டியைச் செய்தவர்கள் இந்தக் கலப்பை எதிர்பார்த்திருக்க முடியாது. சாராயம் பழைய ரப்பரையும் தக்கை வாஷரையும் ஊறவைத்து இளக்கிவிடும். காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் டாங்கியின் இரும்பைத் துருவாக்கும். ஆகையால் பழைய வண்டிக்காரர்கள், வாசனை வரும்வரையில் காத்திராமல், எத்தனாலைத் தாங்கும் புதுவகை ரப்பருக்கு மாற்றிக்கொள்வது உத்தமம். அடிக்குழாயைத் தாங்கும் கிளிப்புகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். சேறு தங்கித் துருப்பிடிப்பது அவற்றின் கீழேதான்.

துருவைப் பற்றிப் பேசும்போது நமது ஊர்ப் பெருமையைச் சொல்லாமல் விட முடியுமா? வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்தக் காரைக்குடியில்தான் இருக்கிறது. 1948 ஜூலையில் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953-ஆம் வருஷம் ஜனவரி 14-ஆம் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, அதை எப்படித் தடுக்கலாம் என்பது அங்கே நடக்கும் ஆராய்ச்சிகளில் முக்கியமான ஒன்று. நமது டாங்கிக்குள் டார்ச் விளக்கு வெளிச்சத்தில் எட்டிப் பார்த்த ராவுத்தர், "அங்க இருக்கிறவங்களுக்கு இதைக் காட்டினா சந்தோஷப்படுவாங்க" என்றார்.

நல்ல வேளையாக டாங்கியில் ஓட்டை இல்லை. இருந்திருந்தால் பற்றவைப்புக்காரரிடம் அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதை நேயர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கிதான் அபாயமானது. உள்ளே பெட்ரோல் இல்லாவிட்டாலும் ஆவியும் காற்றும் வெடிக்கக் கூடிய அளவில் கலந்து காத்திருக்கும். ஆவி முழுவதும் போகும்படி அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்களிடந்தான் கொடுக்க வேண்டும்.

கடைசிப் பரீட்சையாக டாங்கியைக் கழுத்து மட்டும் நிரப்பி, சித்திரை வெயிலில் மத்தியான்னம் முழுவதும் நிறுத்தி வைத்தோம். புதுக் குழலைச் சுற்றிக் கோலமாவு. டிக்கிக்குள் திறந்த டப்பாவில் சீப்புச் சீடை. இந்த ஏற்பாடு அப்பத்தாவினுடையது. சாயங்காலம் பூச்சில் ஈரமில்லை. சீடையை முதலில் பெரியப்பச்சி எடுத்து முகர்ந்தார். பிறகு கடித்தார். பிறகு இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

"முகூர்த்தக்கால் என்றைக்கு?" என்று கேட்டார்.

"இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது."

"அப்படியானால் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டியே போகட்டும். ஆனால் கொட்டகைக் கதவுக்கு அடியில் ஒரு பலகை வைத்து அடைத்துவிடுங்கள். கலியாணம் முடிகிற வரையில் வண்டி வேப்பமரத்தடியிலேயே நிற்கட்டும்" என்றார்.

அவ்விதமே நடந்தது. வண்டியை எடைக்குப் போடும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. ஒழுக்கு நின்ற பிறகும் அவர் ஜாக்கிரதையைக் கைவிடவில்லை என்பதை நாம் மெச்சுகிறோம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெரியப்பச்சியைப் பின்பற்றுவது நலம். பெட்ரோல் வாசனை என்பது வண்டியின் குணமல்ல. அது ஒரு செய்தி. வந்த அன்றைக்கே வண்டியை வெளியே தள்ளி நிறுத்துங்கள். ஓடும்போது வருகிறதா, நிற்கும்போது வருகிறதா, நிரப்பிய நாளில் வருகிறதா என்று ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்கும்போது அந்தக் காகிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

ராவுத்தர் கூலி வாங்க மறுத்துவிட்டார். கலியாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, ஒரு டப்பாச் சீப்புச் சீடை மட்டும் வாங்கிக்கொண்டார். அவரது பீடிக் கட்டு மட்டும் இன்னும் அப்பத்தாவிடமே இருக்கிறது. எழுபது வயதுக்கு மேல் அது உடம்புக்கு ஆகாது என்று அப்பத்தா திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டார்.